காய் எப்படிக் கையை விட்டுப் போனது? செஸ் திருட்டுகளும் சட்டத்தின் சொற்களும்

2024 செப்டம்பரில் புடாபெஸ்ட் செஸ் ஒலிம்பியாடில் இந்தியா பொதுப்பிரிவு, பெண்கள் பிரிவு இரண்டிலும் தங்கம் வென்றது. அதே நாட்களில் இன்னொரு செய்தியும் வந்தது. 2022 ஒலிம்பியாடில் மாமல்லபுரத்தில் இந்தியா வென்ற கப்ரிந்தாஷ்விலி சுழற்கோப்பை, அகில இந்திய செஸ் கூட்டமைப்பின் பொறுப்பில் இருந்தது, இப்போது அதைக் காணவில்லை என்பதே அந்தச் செய்தி. அதற்கு முந்தைய டிசம்பரில் ஸ்பெயினில் ஆடப்போன ஆறு இந்திய வீரர், வீராங்கனைகளின் தங்குமிடத்தில் லேப்டாப்பும் பாஸ்போர்ட்டும் களவு போயிருந்தன.

இரண்டையும் பலர் "செஸ் கொள்ளை" என்று ஒரே மூச்சில் பேசினார்கள். ஸ்பெயினில் நடந்தது திருட்டு. கோப்பை விஷயம் திருட்டா, கையாடலா, வெறும் அலட்சியமா என்று அந்தச் செய்தியை வைத்துச் சொல்லவே முடியாது. கொள்ளை என்ற சொல்லோ இரண்டுக்கும் பொருந்தாது. டெல்லியில் குழந்தையை டோர்னமெண்டுக்கு அழைத்துப் போகும் தமிழ்ப் பெற்றோருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். காணாமல் போன பொருளைவிட, அது கையை விட்டு எப்படிப் போனது என்பதைத்தான் சட்டம் முதலில் கேட்கும். எஃப்.ஐ.ஆர். போடுவார்களா, இன்சூரன்ஸ் கிடைக்குமா, பொருள் திரும்ப வருமா என்பதெல்லாம் அந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்தவை.

ஒரே கிளாக், ஆறு வழக்குகள்

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பழைய 379 (திருட்டு), 420 (மோசடி) போன்ற எண்கள் அந்தத் தேதிக்குப் பின் நடந்தவற்றுக்குப் பொருந்தாது. டெல்லி ஆர்.கே. புரத்தில் இருக்கும் ஒரு சிறுமியின் டிஜிட்டல் செஸ் கிளாக்கை, அதாவது ஆட்ட நேரத்தைக் கணக்கிடும் கடிகாரத்தை, எடுத்துக்கொள்வோம். அது ஆறு விதமாக அவள் கையை விட்டுப் போகலாம்.

1. மேசையில் வைத்திருந்தாள், அவள் பார்க்காத நேரத்தில் ஒருவர் எடுத்துப் போனார். இது திருட்டு, பிரிவு 303. பொதுவாக 3 ஆண்டு வரை சிறை.

2. ஹாஸ்டல் அறையிலிருந்தோ, வீட்டிலிருந்தோ, ரயிலிலிருந்தோ எடுத்துப் போனார். இதுவும் திருட்டுதான், ஆனால் பிரிவு 305. தண்டனை 7 ஆண்டு வரை போகும்.

3. அவள் கையில் வைத்திருந்ததை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஓடினார். இது பறிப்பு, பிரிவு 304. பழைய சட்டத்தில் இதற்குத் தனிப் பிரிவே கிடையாது. ஹரியானா, குஜராத் போன்ற மாநிலங்கள் தாங்களாகத் திருத்தம் போட்டுக்கொண்டன. இப்போது நாடு முழுவதற்கும் ஒரே பிரிவு.

4. அவள் விடாமல் பிடித்துக்கொள்ள, அவளைத் தள்ளிக் காயப்படுத்திவிட்டுக் கொண்டுபோனார், அல்லது கத்தியைக் காட்டினார். இங்கேதான் கொள்ளை வருகிறது. பிரிவு 309, 10 ஆண்டு வரை. சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நெடுஞ்சாலையில் நடந்தால் 14 ஆண்டு வரை.

5. அதையே ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தார்கள். கூட்டுக் கொள்ளை, பிரிவு 310. ஆயுள் தண்டனை வரை உண்டு.

6. பத்திரமாக வைத்திருங்கள் என்று நம்பி ஒருவரிடம் கொடுத்தாள். அவர் விற்றுக் காசாக்கிவிட்டார். இது நம்பிக்கை மோசடி, பிரிவு 316. 5 ஆண்டு வரை. வாங்கியவர் அவளுடைய ஊழியராக இருந்தால் 7 ஆண்டு வரை.

ஆக, கொள்ளை என்பது பெரிய திருட்டு அல்ல. கோடி ரூபாய்ப் பொருளைச் சத்தமில்லாமல் எடுத்தாலும் திருட்டுதான். நூறு ரூபாய் பிளாஸ்டிக் காய்களைக் கத்தி காட்டி வாங்கினாலும் கொள்ளைதான். பலமும் பயமும்தான் அளவுகோல், விலை அல்ல. நம் தலைப்புச் செய்திகள் இதைத் தலைகீழாக எழுதிப் பழகிவிட்டன.

"சும்மா ஒரு ரவுண்டு ஆடிவிட்டு வைத்துவிடலாம் என்று எடுத்தேன்" என்பதும் தப்பிக்கும் வழி இல்லை. 1952இல் ஜோத்பூர் விமானப்படைப் பயிற்சிக் கல்லூரியின் இரண்டு மாணவர்கள் ஒரு பயிற்சி விமானத்தை எடுத்துக்கொண்டு பாகிஸ்தானில் போய் இறங்கினார்கள். நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் எண்ணம் இல்லை என்ற வாதத்தை 1957இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கெட்ட நோக்கத்தோடு தற்காலிகமாக எடுத்தாலும் அது திருட்டே. விமானத்துக்குச் சொன்னது கிளாக்குக்கும் பொருந்தும். ஒரே மாதிரி பை என்று நினைத்து உண்மையிலேயே மாற்றி எடுத்துப் போன பையன் மட்டும் திருடன் அல்ல. நேர்மையற்ற எண்ணம் அங்கே இல்லை.

5,000 ரூபாய் என்ற கோடு

புதிய சட்டத்தில் செஸ் ஆடுபவர்களைத் தொடும் மாற்றம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இதைப் பற்றிப் பேச்சே குறைவு.

திருடு போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, திருடியவருக்கு இது முதல் தண்டனை, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால், 303ஆம் பிரிவின்படி அவருக்குச் சமூகசேவைதான் தண்டனை. பதினெட்டைத் தாண்டிய ஓர் இளைஞரைச் சிறுபொருளுக்காகச் சிறைவரை இழுக்காமல் இருப்பது நல்லதுதான். ஆனால் இதற்கு இன்னொரு முனை இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் முதல் அட்டவணை இந்தச் சிறு திருட்டைப் போலீஸ் தானாக வழக்குப் பதிய முடியாத குற்றமாக வைத்திருக்கிறது. அதாவது எஃப்.ஐ.ஆர். கிடையாது. 174ஆம் பிரிவின்படி ஒரு பதிவு எழுதிக்கொண்டு, மாஜிஸ்திரேட்டிடம் போங்கள் என்பார்கள். மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் விசாரிக்கவும் மாட்டார்கள்.

நம் ஊர் டோர்னமெண்டுகளில் புழங்கும் சுருட்டும் போர்டு, பிளாஸ்டிக் காய்கள், சாதாரண டிஜிட்டல் கிளாக் எல்லாவற்றையும் கூட்டினாலும் பெரும்பாலும் ஐந்தாயிரத்தைத் தாண்டாது. ஆக செஸ் கிட் மட்டும் களவு போனால் வழக்கு இந்தக் கோட்டுக்குக் கீழே விழுந்துவிடும். கூடவே போனோ டேப்லெட்டோ போயிருந்தால் மேலே ஏறிவிடும். அதனால் எழுதிக் கொடுக்கும்போது போன எல்லாப் பொருளையும் ஒரே பட்டியலில் விலையோடு எழுத வேண்டும். "செஸ் போர்டு ஒன்று காணோம்" என்று மட்டும் எழுதிவிட்டு, பையின் மூலையில் இருந்த ஐபேடைச் சாயங்காலம் நினைவுபடுத்திக்கொள்வது வேலைக்கு ஆகாது.

விலை குறைவாக இருந்தாலும் பொருள் எங்கே இருந்தது என்பது கைகொடுக்கலாம். மனிதர் வசிக்கும் கட்டிடம் மட்டுமல்ல, பொருட்களைப் பாதுகாத்து வைக்கப் பயன்படும் கட்டிடமும் 305இல் வருகிறது. அந்தப் பிரிவில் ஐந்தாயிரக் கணக்கே கிடையாது. பைகளை வாங்கி டோக்கன் கொடுக்கும் அறை அதற்குள் வருமா? வரும் என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போன கிளாக்குக்கு அந்த வாதம் உதவாது.

ஹாலுக்கு வெளியே குவியும் பைகள்

செஸ் டோர்னமெண்டில் பொருள் திருடுவது ஏன் இவ்வளவு சுலபம்? காரணம் விளையாட்டின் விதியிலேயே இருக்கிறது.

உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளில் 11.3.2ஆம் பிரிவு, ஆர்பிட்டர் (போட்டி நடுவர்) அனுமதிக்காத எந்த மின்னணுச் சாதனத்தையும் ஆடும் இடத்தில் வைத்திருக்கக் கூடாது என்கிறது. அணைத்துப் பையில் வைத்து, ஆர்பிட்டர் சொல்லும் இடத்தில் விடுவதற்குப் போட்டி விதிகள் இடம் கொடுக்கலாம். இல்லையென்றால், பாக்கெட்டில் போன் இருப்பது தெரிந்தாலே ஆட்டம் தோல்வி. கம்ப்யூட்டர் உதவியோடு ஏமாற்றுவதைத் தடுக்க வந்த விதி இது, தேவையானதும்கூட. ஆனால் இதன் பக்கவிளைவு என்ன? நூற்றுக்கணக்கான போன்கள், ஸ்மார்ட் வாட்சுகள், டேப்லெட்டுகள் ஒரே நேரத்தில் சொந்தக்காரர் பார்வைக்கு வெளியே போகின்றன. குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு யாரும் தேடிவர மாட்டார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். கிளாசிக்கல் எனப்படும் நீண்ட ஆட்டமென்றால் நான்கு மணி நேரம்கூட ஆகும். திருடனுக்கு இதைவிட வசதியான கால அட்டவணை கிடைக்குமா!

இங்கேதான் "ஓனர்ஸ் ரிஸ்க்" போர்டு வருகிறது. பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று ஒரு தாளை ஒட்டிவிட்டால் பொறுப்பு போய்விடுமா?

1. நீங்களே ஒரு மூலையில் பையை வைத்துவிட்டு உள்ளே போனால், யாரிடமும் ஒப்படைக்கவில்லை. அமைப்பாளர்மேல் கேட்பது கடினம்.

2. கவுண்டரில் ஆள் வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தால் கதை வேறு. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 148ஆம் பிரிவில் சொல்லப்படும் ஒப்படைப்பு அது. வாங்கியவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151ஆம் பிரிவு.

3. போர்டு ஒட்டினால்? 1998 ஆகஸ்டில் டெல்லியின் ஓர் ஐந்து நட்சத்திர ஓட்டலில் வாலே பார்க்கிங்குக்காகச் சாவியோடு கொடுத்த மாருதி கார் களவு போனது. பார்க்கிங் டோக்கனில் "உரிமையாளர் பொறுப்பு" என்று அச்சடித்திருந்தது. வழக்கு இருபது ஆண்டு ஓடி, 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தன் சொந்த அலட்சியத்துக்கான பொறுப்பை அந்த ஒரு வரியால் ஓட்டல் உதறிவிட முடியாது, அலட்சியம் இல்லை என்று காட்ட வேண்டிய சுமையும் ஓட்டலுடையதே என்றது.

அந்தத் தீர்ப்பு ஓட்டலைப் பற்றியது, பள்ளி ஹாலைப் பற்றியது அல்ல. இலவசமாகப் பை வைக்க இடம் கொடுக்கும் சிறிய அமைப்பாளரை நீதிமன்றம் அதே கண்ணால் பார்க்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் டோக்கன் கொடுப்பவரிடம் பையைக் கொடுப்பது மூலையில் வைப்பதைவிடப் பலமடங்கு மேல். அந்தச் சின்ன அட்டைத் துண்டுதான் உங்கள் ஒப்பந்தப் பத்திரம், ரவுண்டு முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.

இரண்டு இரவு ரயில்

டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவே தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள். கோடை விடுமுறை டோர்னமெண்டுகளுக்குப் போகும் குடும்பங்கள் பலவற்றுக்கும் அதுதான் வழி. இரவில் பை போய்விட்டால் முதலில் வரும் கேள்வி, ரயில்வே கொடுக்குமா?

பெரும்பாலும் கொடுக்காது. பதிவு செய்து ரசீது வாங்காத சாமானுக்கு ரயில்வே பொறுப்பல்ல என்கிறது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100ஆம் பிரிவு. பயணி கூடவே கொண்டுபோகும் பை என்றால், ஊழியரின் அலட்சியமோ தவறோதான் காரணம் என்று பயணிதான் நிரூபிக்க வேண்டும். இடுப்பு பெல்ட்டில் கட்டியிருந்த ஒரு லட்சம் ரூபாய் ரயிலில் களவு போன வழக்கில், தன் உடைமையைத் தானே காக்க முடியாதவர் ரயில்வேயைக் குறைசொல்ல முடியாது என்று 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

இழப்பீடு இல்லை என்பதால் புகார் வேண்டாம் என்று ஆகாது. ரயிலில் திருட்டு 305இன் கீழ் வருவதால் மதிப்பு எதுவானாலும் எஃப்.ஐ.ஆர். உண்டு. இட்டார்சியில் போனதா நாக்பூரில் போனதா என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. எல்லை பார்க்காமல் எந்தக் காவல் நிலையமும் பதிய வேண்டிய ஜீரோ எஃப்.ஐ.ஆர். இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவில் சட்டமாகவே எழுதப்பட்டிருக்கிறது. வண்டியிலிருந்தே ரயில்வே உதவி எண் 139க்குச் சொல்லிவைக்கலாம்.

ஸ்பெயினில் போன பாஸ்போர்ட்

2023 டிசம்பரில் பார்சிலோனாவுக்குப் பக்கத்திலுள்ள சிட்ஜெஸ் நகரில் ஒரு பெரிய ஓபன் போட்டி நடந்தது. அங்கேதான் இந்திய வீரர்களின் தங்குமிடத்தில் திருட்டு நடந்தது. ஐரோப்பியப் போட்டிகளுக்குப் போகும் நம் வீரர்கள் செலவைக் குறைக்க வாடகை அப்பார்ட்மெண்டில் கூட்டாகத் தங்குவது வழக்கம். அட்டவணை எல்லோருக்கும் தெரியும், ரவுண்டு நேரத்தில் வீடு காலி. ஹாலுக்குள் சாதனம் கூடாது என்பதால் லேப்டாப் வீட்டில்தான் இருக்கும். டெல்லி ஹாலின் கதையேதான், இடம் மட்டும் வேறு.

லேப்டாப்பைவிடப் பாஸ்போர்ட் ஏன் பெரிய அடி? பாஸ்போர்ட்டோடு அதில் ஒட்டியிருக்கும் ஷெங்கன் விசாவும் போய்விடுகிறது. தூதரகம் அவசரச் சான்றிதழ் கொடுக்கும், ஆனால் அது இந்தியாவுக்குத் திரும்புவதற்கான ஒருவழிச் சீட்டு. அதை வைத்துக்கொண்டு அடுத்த வாரம் பக்கத்து நாட்டில் ஆட முடியாது. கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்குத் தேவையான தகுதிப் படியான நார்முக்காக மூன்று நான்கு போட்டிகளை வரிசையாகக் கோத்துப் போகும் வீரருக்கு ஒரு திருட்டில் மொத்தப் பயணமும் கலைந்துவிடும். புதுப் பாஸ்போர்ட்டுக்கும் இன்சூரன்ஸுக்கும் உள்ளூர்ப் போலீஸ் அறிக்கை வேண்டும். பயண இன்சூரன்ஸ் பாலிசிகள் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்கின்றன.

வீட்டு இன்சூரன்ஸிலும் ஒரு சொல் பொறி உண்டு. பாலிசியில் "பர்க்லரி" என்று இருந்தால் பூட்டை உடைத்தோ பலவந்தமாகவோ நுழைந்திருக்க வேண்டும். திறந்த கதவு வழியாக வந்து எடுத்துப் போனால் பணம் இல்லை. பாலிசியில் எழுதியிருக்கும் வரையறைதான் முடிவானது என்று 2004இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

லேப்டாப்புக்குள் இருந்தது

லேப்டாப் மீண்டும் வாங்கலாம். அதற்குள் பல வருட ஓப்பனிங் தயாரிப்பு, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களுக்கான ஆய்வு, இருக்கும். எதிராளிக்கு அதுதான் தங்கம். இதைத் திருடினால் அது திருட்டா?

1986 உலக சாம்பியன்ஷிப்பில் காஸ்பரோவ் 17, 18, 19ஆம் ஆட்டங்களை வரிசையாகக் கார்ப்போவிடம் தோற்றார். தன் உதவியாளர்களில் ஒருவரான யெவ்கேனி விளாதிமிரோவ் தயாரிப்பை எதிர்த்தரப்புக்குக் கொடுத்துவிட்டார் என்று குற்றம் சாட்டினார். விளாதிமிரோவ் அதை மறுத்துவிட்டு அணியை விட்டு வெளியேறினார். குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவே இல்லை. பட்டத்தைக் கடைசியில் காஸ்பரோவ்தான் தக்கவைத்தார். விளாதிமிரோவ் பின்னாளில் இந்திய வீரர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்.

நோட்டு அப்படியே மேசையில் இருக்கும், நகல் மட்டும் போயிருக்கும். பழைய இந்தியச் சட்டத்தில் இது சிக்கலான கேள்வி. திருட்டு என்பது அசையும் சொத்துக்குத்தான்; அசையும் சொத்து என்றால் தொட்டுணரக்கூடிய பொருள் என்று அதில் இருந்தது. பாரதிய நியாய சன்ஹிதாவின் வரையறையில் அந்த அடைமொழி இல்லை. நிலமும் நிலத்தோடு ஒட்டியதும் தவிர எல்லாவகைச் சொத்தும் என்று இருக்கிறது. டிஜிட்டல் கோப்பும் இதில் அடங்கும் என்று வாதிட இப்போது வழி திறந்திருக்கிறது. அது தவிர, அனுமதியில்லாமல் கம்ப்யூட்டரிலிருந்து தரவை நகலெடுப்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள் நேரடியாகவே பிடிக்கும்.

எதைத் திருட்டு என்று சொல்ல முடியாது என்பதும் இங்கே தெளிவாக வேண்டும். 2023இல் அஸ்தானாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் ரஷ்யாவின் நெபோம்னியாஷியோடு ஆடிக்கொண்டிருந்தபோது, சீனாவின் திங் லிரென் தன் உதவியாளரோடு புனைபெயரில் ஆடிய பயிற்சி ஆட்டங்களை இணையத்தில் ரசிகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். பொதுத் தளத்தில் கிடந்ததைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். திங் அதையும் மீறிப் பட்டம் வென்றார். ஆடி முடித்த நகர்த்தல்களும் யாருடைய சொத்தும் அல்ல. 2016இல் நியூயார்க்கில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் நகர்த்தல்களை மற்ற தளங்கள் உடனுக்குடன் வெளியிடத் தடை கேட்டார்கள் அமைப்பாளர்கள். அமெரிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. உங்கள் பிள்ளையின் புது நகர்த்தலை அடுத்த ரவுண்டில் இன்னொரு பையன் ஆடினால் அகாடமியில் சண்டை போடலாம், காவல் நிலையத்துக்குப் போக முடியாது.

கோப்பைக்குத் திரும்புவோம்

நோனா கப்ரிந்தாஷ்விலி ஜார்ஜியாவைச் சேர்ந்தவர். 1962 முதல் 1978 வரை பெண்கள் உலக சாம்பியன், கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் பெண். பொதுப்பிரிவு, பெண்கள் பிரிவு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சிறப்பாக ஆடிய நாட்டுக்கு அவர் பெயரில் சுழற்கோப்பை தருகிறார்கள். 2022இல் இரண்டு பிரிவிலும் வெண்கலம் வாங்கிய இந்தியாவுக்கு அது வந்தது.

சுழற்கோப்பை வென்றவருக்குச் சொந்தமில்லை என்பதுதான் இங்கே முக்கியம். அடுத்த போட்டிவரை வைத்திருந்து திருப்பித் தர வேண்டிய இரவல் பொருள். மேலே டோக்கன் கவுண்டருக்குச் சொன்ன அதே ஒப்படைப்பு, இந்தமுறை கவுண்டரில் நிற்பது கூட்டமைப்பு. இப்போது கேள்விகளை வரிசையாகக் கேட்கலாம். யாராவது உள்ளே புகுந்து எடுத்தாரா? அப்படியானால் திருட்டு. பொறுப்பில் இருந்தவர் தனக்கென்று வைத்துக்கொண்டாரா? அது நம்பிக்கை மோசடி. ஆளும் அலுவலகமும் மாறும்போது பட்டியல் போட்டுக் கைமாற்றாமல் எங்கோ ஒரு அட்டைப்பெட்டியில் போய்விட்டதா? அதில் குற்றமே இல்லை, அலட்சியம்தான். பொருளின் சொந்தக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும், கைது இல்லை. விளையாட்டுச் சங்கங்களில் மூன்றாவது வழியில்தான் பொருட்கள் அதிகம் மறைகின்றன என்பது என் கணிப்பு. கையெழுத்துப் போட்ட ஒரு ஒப்படைப்புப் பட்டியல் இருந்திருந்தால் கேள்வியே வந்திருக்காது.

உண்மையான கோப்பைத் திருட்டுகளும் உண்டு. கால்பந்தின் ஜூல்ஸ் ரிமே கோப்பை 1966இல் லண்டனில் களவு போய் ஒரு நாயால் கிடைத்தது. 1983இல் ரியோவில் மறுபடியும் போனது, திரும்பவே இல்லை. சாந்திநிகேதனிலிருந்து 2004இல் போன தாகூரின் நோபல் பதக்கத்துக்குப் பதில் நோபல் அறக்கட்டளை நகல் கொடுத்தது. கப்ரிந்தாஷ்விலி கோப்பைக்கும் நகல் செய்யும் பேச்சுதான் எழுந்தது. புடாபெஸ்டில் இரட்டைத் தங்கம் வென்றதால் அந்தக் கோப்பை மறுபடியும் இந்தியாவுக்கே உரியது ஆனது என்பது இதில் வேடிக்கை.

திருட்டு என்று எல்லோரும் நம்பியும் திருட்டாக இல்லாத ஒன்று அமெரிக்காவின் முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷருடையது. கலிபோர்னியாவின் பசடேனாவில் ஒரு சேமிப்புக் கிடங்கில் அவருடைய நினைவுப் பொருட்களும் தாள்களும் பல ஆண்டுகள் இருந்தன. வாடகை கட்டப்படாமல் போக, 1990களின் இறுதியில் அவை ஏலத்தில் போய்விட்டன. தன்னைக் கொள்ளையடித்துவிட்டார்கள் என்று ஃபிஷர் வானொலியில் குமுறினார். அவர் வருத்தம் புரிகிறது. ஆனால் வாடகை பாக்கிக்காகக் கிடங்குக்காரர் பொருளை விற்பது சட்டம் இடம் கொடுக்கும் வழிதான். திருடன் பக்கத்தில் நின்ற செஸ்காரரும் உண்டு. அமெரிக்காவின் நார்மன் விட்டேக்கர் சர்வதேச மாஸ்டர், படித்த வழக்கறிஞர், கார்த் திருட்டில் தண்டனை வாங்கியவர். 1932இல் புகழ்பெற்ற விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தை கடத்தப்பட்டதைச் சாக்கிட்டு ஒரு பணக்காரப் பெண்மணியிடம் லட்சம் டாலருக்கு மேல் ஏமாற்றிய கூட்டணியில் ஒருவர். அல்கட்ராஸ் சிறைவரை போய்வந்தார்.

தாத்தாவின் தந்தக் காய்கள்

பழைய குடும்பங்கள் சிலவற்றில் யானைத் தந்தத்தில் செதுக்கிய செஸ் செட் இருக்கும். கம்பெனி காலத்தில் முர்ஷிதாபாத்திலும் விசாகப்பட்டினத்திலும் இப்படிச் செய்து விற்றார்கள். அது களவு போனால் புகார் கொடுக்கும் முன் யோசிக்க வேண்டும், ஏனென்றால் புகார் கொடுப்பவர்மீதே கேள்வி திரும்பலாம்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்திய யானைத் தந்த வியாபாரம் 1986 திருத்தத்திலும் ஆப்பிரிக்கத் தந்த வியாபாரம் 1991 திருத்தத்திலும் தடைசெய்யப்பட்டன. பரம்பரையாக வந்ததை வைத்திருக்கலாம், ஆனால் அதே சட்டத்தின்படி அறிவித்து உரிமைச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அதற்காக 2003இல் தனி விதி போட்டு அவகாசமும் கொடுத்தார்கள். அந்தக் காகிதம் இல்லையென்றால், எஃப்.ஐ.ஆரில் "தந்த செட்" என்று எழுதும் கணத்தில் வனத்துறையும் உள்ளே வந்துவிடும். நூறு ஆண்டு தாண்டிய கலைப்பொருள் என்றால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் சேரும். வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதே குற்றம்.

வாங்குபவருக்கும் இதே எச்சரிக்கை. ஞாயிறு சந்தையில் அழகான பழைய செட் ஒன்று மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் திருடனுக்கு இல்லாத உரிமையை அவன் உங்களுக்கு விற்க முடியாது. 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் 27ஆம் பிரிவில் அதைத்தான் சொல்கிறது. சொந்தக்காரர் வந்து கேட்டால் பணமும் போகும், செட்டும் போகும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே, அல்லது சந்தேகிக்கக் காரணம் இருந்தும் வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. பழங்காய்களில் அதிர்ஷ்டமும் உண்டுதான். 1964இல் எடின்பரோ வியாபாரி ஒருவர் 5 பவுண்டுக்கு வாங்கிய ஒரு காய், ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் கிடைத்த புகழ்பெற்ற 12ஆம் நூற்றாண்டுச் செஸ் காய்களில் காணாமல் போன ஒன்று என்று பின்னால் தெரிந்தது. 2019இல் 7,35,000 பவுண்டுக்கு ஏலம் போனது.

காவல் நிலையத்தில் எந்தச் சொல்?

டெல்லியில் புகார் பெரும்பாலும் இந்தியில்தான் எழுதப்படும். "கும்ஷுதா" என்றால் தொலைந்தது. "சோரி" திருட்டு. "ஜபட்மாரி" பறிப்பு. "லூட்" கொள்ளை. "டகைத்தி" கூட்டுக் கொள்ளை. "அமானத் மே கயானத்" நம்பிக்கை மோசடி. வழக்குத் தாள்களில் இப்படி உருது, பாரசீகச் சொற்கள் மண்டிக் கிடப்பதை டெல்லி உயர் நீதிமன்றமே 2019இல் கண்டித்தது. ஆனாலும் பழக்கம் முழுதாகப் போகவில்லை.

கவனம் வேண்டியது முதல் சொல்லில். "கும்ஷுதா" என்று எழுதிவிட்டால் கையில் வருவது ஆன்லைனிலேயே கிடைக்கும் தொலைந்த பொருள் அறிக்கை. நகல் சிம்முக்கும் அடையாள அட்டைக்கும் அது போதும். அதன்பேரில் யாரும் யாரையும் தேடப்போவதில்லை. "எங்காவது வைத்துவிட்டு மறந்திருப்பீர்கள்" என்று ஒரு காவலர் அன்பாகச் சொல்லும்போது, நம்மவர்கள் மொழித் தயக்கத்தில் தலையாட்டிவிடுகிறார்கள். எடுத்துப் போனதற்கு அறிகுறி இருந்தால், பூட்டிய பையின் ஜிப் கிழிந்திருந்தால், கேமராவில் ஆள் தெரிந்தால், "சோரி" என்றே எழுதச் சொல்ல வேண்டும். எழுத மறுத்தால் மாவட்டக் காவல் உயரதிகாரிக்கு எழுத்தில் அனுப்பலாம், அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவே இந்த வரிசையைச் சொல்கிறது. தமிழில் நினைத்து இந்தியில் சொல்லித் தடுமாறுவதைவிட, நடந்ததை நேர வரிசைப்படி ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போவது நல்லது.

போன் என்றால் கூடவே மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்து முடக்கலாம். லேப்டாப்பின் சீரியல் எண், கிளாக்கின் அடிப்பகுதியில் அழியாத மையில் எழுதிய பெயர், போர்டின் போட்டோ, இவை இருந்தால்தான் பிடிபட்ட பொருள் உங்களுடையது என்று காட்ட முடியும். ஒரே மாதிரி ஆயிரம் கிளாக்குகள் இருக்கும் உலகம் இது.

பிடிபட்ட பொருள் போலீஸின் மால்கானாவுக்கு, அதாவது வழக்குப் பொருட்களை வைக்கும் அறைக்குப் போகும். வழக்கு முடியும்வரை அங்கேயே கிடக்க வேண்டியதில்லை. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 497இன்படி நீதிமன்றம் 14 நாளில் பொருளின் விவரத்தைத் தயாரித்து, போட்டோவோ வீடியோவோ எடுத்துக்கொண்டு, அதன்பின் 30 நாளில் அதை என்ன செய்வது என்று உத்தரவிட வேண்டும். படமே சாட்சியாக நிற்கும். இப்படி வழக்கு முடியும் முன்பே பொருளைச் சொந்தக்காரரிடம் ஒப்படைப்பதற்கு டெல்லி நீதிமன்றங்களில் "சுபர்தாரி" என்று பெயர். வக்கீலிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார். அடுத்த போட்டியின் தேதியை மனுவில் எழுதச் சொல்லுங்கள்.